பதினேழு வயசு முட்டி

பெண்டாட்டி வயசைக் குறைத்துச் சொல்லி மாட்டிக்கொண்ட புருஷனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? கூட்டிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். குறைத்துச் சொல்லி மாட்டியவன், எனக்குத் தெரிந்து, எங்கள் ஊர் ஹல்வார் ஒருத்தன்தான்.

ஹல்வாருக்கு சால்மன் பண்ணையில் வேலை. மீனுக்கு எப்போது, எவ்வளவு தீனி என்று கம்ப்யூட்டர் சொல்லும். அந்தக் கம்ப்யூட்டருக்கு ஹல்வார் சொல்லுவான். அதனால் வெளியே அவனுக்குக் கொஞ்சம் மிடுக்கு உண்டு. வீட்டில் கிடையாது. வீட்டில் இங்குன் இருக்கிறாள்.

இங்குன் பஸ் ஓட்டுகிறவள். சாயங்காலமானால் ஊர்ப் பெண்கள் அணியில் ஹேண்ட்பால் ஆடுவாள். போன நவம்பரில் பந்தோடு எகிறிக் குதித்தவள் தரையில் இறங்கும்போது, முட்டி ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாகத் திரும்பிவிட்டது. 'டப்' என்று ஒரு சத்தம். அரங்கின் வாசல் பக்கம் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்த ஹல்வாருக்கே அது கேட்டது. முட்டிக்குள்ளே ஜவ்வு அறுந்துபோயிருந்தது.

அந்த வாஃபிள் சங்கதியைச் சொல்லியாக வேண்டும். மாவை இரும்பு அச்சில் ஊற்றிச் சுடுகிற இனிப்புத் தோசை அது. மேட்ச் நடக்கிற அன்றைக்கு, ஆடுகிறவர்கள் வீட்டு ஆள் ஒருவர் அரங்கு வாசலில் போடுகிற கடையில் நின்று வாஃபிள் சுட்டு விற்க வேண்டும். அந்தக் காசில்தான் அணிக்குப் பந்தும் உடுப்பும். கூலி கிடையாது. முடியாது என்று சொல்லிவிட்டு இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடந்தவனும் கிடையாது.

இப்போது இங்குன், ஆபரேஷன் செய்துகொண்டு திரும்ப ஆடப்போகிறேன் என்கிறாள். ஹல்வாருக்கு இரண்டு கவலை. மறுபடியும் அந்த வாஃபிள் அடுப்பு. மறுபடியும் அந்த 'டப்'. முதல் கவலையை ஊர் பூராவும் புலம்பியாயிற்று. இரண்டாவதை யாரிடமும் சொன்னதில்லை.

பெர்கன் நகரத்தில் இருக்கிற டாக்டர் ஆஸ்லாக், இங்குன் போனுக்கு ஒரு லிங்க் அனுப்பியிருந்தார். ஜவ்வு ஆபரேஷன் செய்துகொண்ட ஆயிரக்கணக்கான முட்டிகளின் கதையை ஊட்டி ஊட்டி ஒரு கம்ப்யூட்டரை வளர்த்திருக்கிறார்களாம். வயசு என்ன, அடிபட்டு எவ்வளவு நாளாச்சு, உடம்பில் எங்கேயிருந்து தசைநாரை எடுத்துத் தைக்கப்போகிறார்கள் என்றெல்லாம் சொன்னால், தைத்த ஜவ்வு மறுபடி அறுந்துபோக நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று அது கணித்துச் சொல்லும்.

"எனக்கு இந்தக் கணக்கெல்லாம் வராதுப்பா. உனக்கே அனுப்பிட்டேன், நீயே பாரு. கம்ப்யூட்டர்ல புலியாச்சே நீ" என்றாள் இங்குன், பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

புலி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

முப்பத்தெட்டு வயசு என்று உள்ளதை உள்ளபடி போட்டான். நூற்றுக்கு நாலு என்றது கம்ப்யூட்டர். ஹல்வார் முகம் செத்துவிட்டது. நாலைக் காட்டினால் அவள் நாளைக்கே பந்தைத் தூக்கிவிடுவாளே! வயசைக் கூட்டினால் பயமுறுத்துமோ என்று அறுபது போட்டான். அந்த நாலும் இன்னும் குறைந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று குறைத்துப் பார்த்தான். அட! எண் மளமளவென்று ஏறியது. சின்னப் பிள்ளைகள் சும்மா இருக்குமா? ஆபரேஷன் ஆனதும் ஓடும், குதிக்கும், மறுபடியும் அறுத்துக்கொண்டு வந்து நிற்கும். அதைக் கம்ப்யூட்டர் கண்டுவைத்திருந்தது. பதினேழு என்று போட்டான். நூற்றுக்குப் பதினெட்டு என்றது.

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

"எத்தனை?"

"வேணாம் இங்குன். கேக்காத."

"சொல்லுப்பா."

"நூத்துக்குப் பதினெட்டு."

"அய்யய்யோ!"

"எனக்கும் மனசே சரியில்ல. என்ன பண்றது? மிஷின் சொல்லுது. நீ பேசாம ஸ்வெட்டர் பின்னு."

"சரி, எத்தனைன்னு சொல்லியிருந்தா நான் ஆடலாம்கற?"

ஹல்வாருக்குத் தாராளம் பொங்கியது. "ஒரு அஞ்சுக்குள்ள வந்திருக்கட்டுமே! நானே உன்னைக் கூட்டிட்டுப் போய் விட்டிருப்பேன். சீசன் பூரா வாஃபிள் அடுப்புல நின்னிருப்பேன்."

"உன் முறை வர்ற அன்னிக்கு மட்டுமா?"

"எல்லா மேட்சுக்கும்!"

"சத்தியமா?"

"சத்தியமா!" வராத செலவுக்குக் கையை விரிப்பதில் ஹல்வாரை மிஞ்ச ஆள் கிடையாது.

"பாவம், உனக்கு எவ்வளவு ஆசை" என்றாள் இங்குன். "எதுக்கும் ஆஸ்லாக் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்."

இதை ஹல்வார் எதிர்பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் பெர்கனுக்குப் போனார்கள். ஆஸ்லாக், ஹல்வார் போனை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இங்குன், உனக்கு என்ன வயசு?"

"முப்பத்தெட்டு."

"இதுல பதினேழுன்னு இருக்கே. யார் போட்டது?"

அறையில் மூன்றே பேர். இரண்டு பேர் ஒருத்தனைப் பார்த்தார்கள்.

"அது வந்து... என் கண்ணுக்கு அவ இன்னும் பதினேழுதான், ஆஸ்லாக்."

"நல்லது. ஆனா நான் உன் கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணப்போறதில்ல, ஹல்வார்."

வயசைத் திருத்தினார். நாலு வந்தது.

"நாலுன்னா நல்ல சேதிதான்" என்றார். "ஆனா இது மத்தவங்க முட்டிய வச்சு சொல்ற கணக்கு. நீ பயிற்சி பண்ணுவியா, சோம்பேறியா படுத்துக் கிடப்பியான்னு அதுக்குத் தெரியாது. ஒழுங்கா பண்ணு. ஒன்பது மாசமாவது பொறு. அப்புறம் ஆடு."

இங்குன் கண் கலங்கிவிட்டது. ஹல்வாருக்கும்தான். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தான்.

திரும்பி வரும்போது ஹல்வார்தான் கார் ஓட்டினான்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள் இங்குன்.

"எது?"

"நாலுன்னு. லிங்க் என் போனுக்குத்தானே வந்துச்சு? பஸ்ஸை நிறுத்திட்டு டீ குடிக்கிற நேரத்துல போட்டுப் பார்த்துட்டேன்."

கார் லேசாக வளைந்து நேரானது. "அப்ப ஏன் எதுவும் சொல்லல?"

"அஞ்சுக்குள்ள வந்தா சீசன் பூரா நிப்பேன்னு நீ பாட்டுக்கு அடுக்கிக்கிட்டே போன. நடுவுல புகுந்து கெடுக்கலாமா? அன்னிக்கே டீம்ல சொல்லிட்டேன். எல்லாரும் உனக்கு நன்றி சொன்னாங்க."

ஹல்வார் மெல்லச் சொன்னான்: "வாஃபிளுக்காக மட்டும் இல்ல இங்குன். அந்தச் சத்தம்..."

"அதுவும் தெரியும். நான் தரையில கெடக்கும்போதே வாஃபிள் கருகின வாசனை வந்துச்சு. நீ ஒரு நாளும் கருக விடமாட்டியே." கியர் மேல் இருந்த அவன் கையின் மேல் தன் கையை வைத்தாள். "பயிற்சிக்குக் கூட நிக்கிறியா?"

"நிக்கிறேன்."

"அப்ப ஒண்ணும் ஆகாது." கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அவளே பேசினாள். "அடுத்த சீசன் மாவுல ஏலக்காயை மட்டும் கொஞ்சம் தூக்கலாப் போடு, ஹல்வார். பதினேழு வயசுப் பொண்ணுங்களுக்கு அதுதான் பிடிக்கும்."