சாட்சியண்ணனுக்குச் சாக நேரமில்லை

கோயமுத்தூரிலேயே சாவதற்கு நேரமில்லாத ஒரே மனிதர் எங்கள் சாட்சியண்ணன்தான். ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் தெருவில் யார் உயில் எழுதினாலும் சாட்சிக் கையெழுத்து அவருடையது. பின்னால் வாரிசுகளுக்குள் வழக்கு வந்தால், உயிலின் இரண்டு சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறி, "என் கண்ணெதிரில்தான் கையெழுத்துப் போட்டார்" என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமென்றால் உயிரோடு இருக்க வேண்டுமே. இதை எந்த வக்கீலோ அவர் காதில் போட்டுவைத்தார். அன்றிலிருந்து மனுஷன் தன் உயிரைத் தெருவின் பொதுச் சொத்தாக நினைத்துக் காப்பாற்ற ஆரம்பித்தார்.

மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் ஆகாதவர், மாடியறையில் தனியாள். தெருவில் யாருக்கும் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர், இல்லை என்பதால் எந்தப் பக்கமும் சாயமாட்டார். அதைவிட, பாதி நேரம் அவர் இந்த உலகத்திலேயே இருக்கமாட்டார். பாலக்காட்டுக் காற்று இறங்கும் சாயங்காலங்களில் மொட்டைமாடியில் நாற்காலி போட்டு, மேற்கே மலைமேல் மேகம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் எங்கோ தூரத்திலிருந்து "வாரேனுங்க" என்று குரல் வரும். ஆள் வரமாட்டார்.

உயிலைப் படித்துக் காட்டப் போனால் காதைப் பொத்திக்கொள்வார். "உள்ள என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமுங்க. தெரிஞ்சா கனவுல வந்துரும். கையெழுத்துப் போடறத மட்டும் பார்த்துக்கறேனுங்க."

ஆட்டோவில் ஏறினால், "சித்தெ மெதுவாப் போங்க கண்ணு, என்கூட ஒரு தெருவே உக்காந்திருக்குது" என்பார். டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டு நிஜமாகவே மெதுவாகப் போவார். ஒருமுறை வேன் பிடித்து எல்லோருமாக ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போனோம். அண்ணன் நெடுநேரம் கண்மூடி நின்றார். திரும்பும்போது, "அப்படி என்னங்ணா வேண்டினீங்க?" என்று வாயைக் கொடுத்தேன்.

"எல்லாரும் நல்லா இருந்து, எனக்கு முன்னால போய்ச் சேரோணும்னு வேண்டிக்கிட்டேனுங்க."

பொள்ளாச்சி தாண்டுவதற்குள் வேனில் இருந்த எல்லோரும் குங்குமத்தை எடுத்து இன்னொருமுறை நெற்றியில் வைத்துக்கொண்டோம்.

எதிர்வீட்டுச் சரசக்காவுக்கு வழக்கு வந்தபோதுதான் இந்தப் பைத்தியக்காரத்தனத்தின் அருமை தெரிந்தது. கணவர் போன பிறகும் மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் சரசக்கா. கிழவி வீட்டை அவர் பெயருக்கே உயில் எழுதிவிட்டுக் கண்ணை மூடினார். உடனே கொழுந்தனார், "அம்மாவுக்குப் புத்தி பிசகியிருந்தது, இந்த உயில் செல்லாது" என்று கோர்ட்டுக்குப் போய்விட்டார். இன்னொரு சாட்சி ஏற்கெனவே காலமாகிவிட்டார். மிச்சம் இருந்தது இவர் ஒருவர்தான். வீடு போனால் சரசக்காவுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

வாய்தா மேல் வாய்தா. அண்ணன் ஒரு தும்மல் போட்டால் தெரு முழுக்கக் கஷாயம் கொதிக்கும். ஒருவழியாக அவரைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"உயில் எழுதுனது என்ன தேதி?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"தெரியலீங்க."

"கிழமையாவது?"

அண்ணன் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரசக்கா என் கையை நசுக்கிவிட்டார்.

"காலைல என்ன சாப்பிட்டீங்கன்னாவது ஞாபகம் இருக்குதா?"

"இல்லீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். "அப்பறம் எப்படி அந்தம்மா தெளிவா இருந்தாங்கன்னு சொல்றீங்க?"

அண்ணன் தூக்கத்தில் பேசுகிறவர்போல் ஆரம்பித்தார். "அன்னிக்கு மழை வர்ற மாதிரி இருந்துச்சுங்க. நான் மேகத்தப் பார்த்துட்டு அப்படியே நின்னுபோட்டேன். அந்தம்மா தொறந்த பேனாவ மூடி வெச்சுட்டாங்க. 'நீ இங்க இல்ல கண்ணு. வந்து சேரு, அப்பறம் போடறேன்'னாங்க. மேகம் போற வரைக்கும் பேசாம உக்காந்திருந்தாங்க. பொறகு நான் பார்க்கறனான்னு பார்த்துட்டுத்தானுங்க கையெழுத்துப் போட்டாங்க."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். சாட்சி பார்த்தால்தான் கையெழுத்து செல்லும் என்று தெரிந்து காத்திருந்தவருக்கா புத்தி பிசகியிருக்கும்? வீடு சரசக்காவுக்கே கிடைத்தது.

தெருவே கொண்டாடியது. அண்ணன்தான் சோர்ந்துபோனார். அவர் கையெழுத்துப் போட்டதில் மீதமிருந்தது அந்த ஒரு உயில்தான். மற்றவை சண்டையில்லாமல் முடிந்திருந்தன. சிலர் வீட்டை விற்றுவிட்டு ஃப்ளாட்டுக்குப் போய்விட்டார்கள். டி.பி. ரோட்டில் பஸ் வருவதைக்கூடப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தபடி நடக்க ஆரம்பித்தார். பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். நான் மாடிக்கே போய்ச் சண்டை போட்டேன்.

"இனி என்னத்துக்குங்க அம்மணி? என்னை நம்பி யாரும் இல்லீங்களே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அடுத்த வாரமே நான் உயில் எழுதினேன். "உங்களவிட இருபது வயசு மூத்தவரை யாராவது சாட்சியாப் போடுவாங்களா? நாளைக்குக் கோர்ட்டுக்கு யாருங்க வர்றது?" என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

"அவரே வருவாருங்க" என்றேன்.

அண்ணன் நான் கையெழுத்துப் போடுவதைக் கண் கொட்டாமல் பார்த்தார். தானும் போட்டார். பிறகு கவலையோடு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, உங்களுக்கு இப்ப என்ன வயசுங்க?"

"அம்பத்தாறுங்ணா."

விரல்விட்டு எண்ணியவர் பெருமூச்சு விட்டார். "அப்படீன்னா நான் இன்னும் ரொம்ப நாளைக்கு இருக்கோணுமாட்டத் தெரியுதுங்களே" என்று முனகிக்கொண்டே, மாத்திரைச் சீட்டைத் தேடியெடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குக் கிளம்பினார்.

அந்த உயிலில் நான் எழுதியது பெரிதாக ஒன்றுமில்லை. இந்த மனுஷன் இருக்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான்.