வித்துராவில் ஒரு சொந்த வீடு

ஞாயிற்றுக்கிழமைக்குள் தாணுமாலையன் தான் பிறந்து வளர்ந்த வீட்டைத் தேடிப் பிடித்தாக வேண்டும். அதுவும் வித்துரா என்ற மலையாள மலையூரில். மனுஷன் பிறந்தது என்னவோ சுசீந்திரத்தில்.

எல்லாம் பழவங்காடியில் வாங்கிய ஒரு மஞ்சள் பனியனால் வந்த வினை. மலையாளத் தலைநகருக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம், வலியசாலை அறையில் சுவரோடுதான் பேச்சு. ஒரு விடிகாலை, மியூசியம் வளாகத்து மரமெல்லாம் பனிக்குள் மிதந்துகொண்டிருக்க, அதே மஞ்சள் பனியனில் ஆறு பேர் எதிரே நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவர் இவரைப் பார்த்து முகம் மலர்ந்து, "வித்துராக்காரனாணோ?" என்றார்.

இல்லை என்று சொல்ல வாய் வந்தால்தானே! தலை தானாக ஆடிவிட்டது.

அது வித்துராக்காரர்களின் நடைக் கூட்டமாம். அன்று முதல் தாணுமாலையன் ஆளே மாறிப்போனார். வேட்டியை மடித்துக் கட்டினார். பாலில்லாத கட்டன்சாயா குடித்தார். சிவப்புப் பனியன் போட்ட நெடுமங்காட்டுக் கூட்டம் எதிரே வந்தால், நம்ம ஊர் மழைக்கு முன்னால் அவர்கள் மழையெல்லாம் ஒரு மழையா என்று உண்மையாகவே கொதித்தார். கண்ணால் காணாத ஊரின் மூடுபனி ஆபீஸ் ஃபைலுக்கு நடுவே வந்து நிற்கும். அதற்குள் ஓட்டு வீடு ஒன்று தெரியும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவருக்கு அழுகைகூட வரும்.

வினை நெடுமங்காட்டான் ஒருத்தன் வாயில் இருந்தது. கடைசியாக எப்போது சொந்த ஊர்ப்பக்கம் போனீர்கள் என்று கேலி பண்ணிவிட்டான். தலைவர் நாகேஸ்வரனுக்கு ரோஷம் பொங்கியது. ஞாயிறன்று எல்லோரும் வித்துரா போய், அவரவர் பிறந்த வீட்டில் சாயா என்று அறிவித்துவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். தாணுமாலையன் கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

வீடு பூட்டிக் கிடக்கிறது என்றார். வெளியே நின்றாவது பார்ப்போம் என்றார்கள். விற்றாகிவிட்டது என்றார். வாங்கினவர் கையால் சாயா குடிப்போம் என்றார்கள். பொய் பிடிபட்டால் மறுபடி சுவர்தான் துணை.

சனிக்கிழமை பஸ் ஏறினார். வித்துரா சந்தைப் பக்கம் ஒரு சாயாக்கடை. உரிமையாளர் பிச்சைக்கனியின் பேச்சிலேயே திருநெல்வேலி மணத்தது. கடைக்குப் பின்னால், மூடுபனிக்குள், கனவில் கண்ட மாதிரியே கடைக்காரரின் ஓட்டு வீடு. தாணுமாலையன் நேரே பிச்சைக்கனியிடம் போய் நின்றார். நடந்ததை ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார்.

"நாளைக்கு ஒரு நாள் அது என் வீடுன்னு சொல்லணும், அண்ணாச்சி. இல்லேன்னா எனக்கு யாருமில்ல."

பிச்சைக்கனி சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "மஞ்சப் பனியன் கூட்டமா? மொத்தம் எத்தன பேரு?"

"என்னையும் சேத்து ஏழு."

"அப்போ சரியாப் போச்சு. திங்கக்கெழம ஒங்க தலைவர் வந்ததுலேர்ந்து, இதே வீட்டக் கேட்டு வந்ததுல நீங்க ஏழாவது ஆளு, அண்ணாச்சி."