வருகிறவர்கள்: பூஜ்யம்

வலியசாலை,
இரவு.

அன்புள்ள தாணுமாலையன் மாமாவுக்குத் திவ்யலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்க வேண்டும், முடியவில்லை. நீங்களும் மாமியும் நலமாக இருக்க வேண்டும், அப்பா வந்து சேரும் வரையிலாவது.

விடிந்ததும் அப்பா முதல் பஸ்ஸில் நாகர்கோவிலுக்கு உங்களைப் பார்க்க வருகிறார். காரணம் நான். போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அஜிதா அக்காவின் கல்யாணத்துக்கு நான் ஒரு வெப் பக்கம் செய்து சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன் அல்லவா? அதில் 'வருகிறேன்' என்பதை அமுக்கினால், அப்பாவின் கடைக் கம்ப்யூட்டரில் எண்ணிக்கை ஏற வேண்டும். ஏறவில்லை. நாள்கணக்கில் பூஜ்யம். ஆரியசாலையில் வியாபாரத்தை விட்டுவிட்டு அப்பா அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருத்தனும் வரமாட்டான் போலிருக்கே சரோஜம், நான் யாருக்கு என்ன செஞ்சேன்?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா, "யோசிச்சுப் பாருங்க, ஒண்ணு ரெண்டாவது ஓர்மை வரும்" என்றாள்.

அப்பா யோசித்துவிட்டார். விதுராவில் இருக்கும் சரசம்மா அத்தைக்குப் போன் போட்டு, "உன் மவனுக்கு வந்த வரன் தட்டிப்போனது என்னாலதான். அவன் குடிப்பான்னு நாந்தான் சொன்னேன். மன்னிச்சிரு தாயி" என்றார். அத்தை, "இத்தன நாளும் நான் ஜாதகத்தையில்லா ஏசிட்டிருந்தேன் அண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டு பிரஜினின் அப்பாவிடம் போய், உங்கள் மாமரத்தை வெட்டச் சொல்லிப் பெயர் போடாமல் மனு கொடுத்தது நான்தான் என்றார். அவர் இப்போது எங்கள் வீட்டுப் பக்கம் திரும்புவதே இல்லை.

இன்று ராத்திரிதான் என் தப்பைக் கண்டுபிடித்தேன், மாமா. அந்த வெப் பக்கத்தில் எண்ணிக்கையைக் காட்டும் பகுதியை வெப் காம்பொனென்ட் என்கிற தனித் துண்டாக எழுதியிருந்தேன். அதில் 'வருகை' என்ற மாறிக்கு முன்னால் 'ஸ்டேட்' என்கிற டெக்கரேட்டரை, அதாவது ஓர் அடையாளச் சொல்லை, போட்டு அறிவிக்க வேண்டும். போட்டால்தான் எண் மாறும்போது திரையும் தன்னை மறுபடி வரைந்துகொள்ளும். நான் போடவில்லை. உள்ளே எண் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. வெளியே முதலில் வரைந்த பூஜ்யம் அப்படியே நின்றுவிட்டது. எல்லோரும் வருவதாகத்தான் இருந்தார்கள். அப்பா மன்னிப்புக் கேட்ட பிறகுதான் வராமல் போகிறார்கள்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்? "அப்ப நான் எதுக்குட்டி எல்லார்கிட்டயும் அதையெல்லாம் சொன்னேன்?" என்று கேட்பார். ஆகவே நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். அடுத்து உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் அப்பா வருகிறார், வாயைத் திறக்க விடாதீர்கள். காப்பி கொடுத்து, "நாங்க வருவோம் அத்தான்" என்று சொல்லி உடனே பஸ் ஏற்றிவிடுங்கள். உங்கள் மகள் கல்யாணத்தில் அப்பா சாப்பிடாமல் கிளம்பியது வயிற்றுவலியால்தான். நாளைக்கு அவர் வேறு ஏதாவது சொன்னால் நம்ப வேண்டாம். வருகிறவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் முதலாவதாக இருக்கும். பெயர்களை நான் இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மாமிக்கு என் அன்பு. சுசீந்திரம் கோயிலுக்குப் போனால் எனக்காகவும் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்,
திவ்யலட்சுமி

பின்குறிப்பு: டெக்கரேட்டரைப் போட்டுவிட்டேன். எண்ணும் பெயர்களும் வந்துவிட்டன. எல்லோரும் இருக்கிறார்கள், சரசம்மா அத்தைகூட. நீங்கள் மட்டும் இல்லை. அன்றைக்கு அப்பாவுக்கு வந்தது வயிற்றுவலி இல்லை, மாமா. இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தீர்கள் என்ற கோபம். அப்பாவை முழுவதும் பேச விடுங்கள்.