இருநூற்று நாற்பது கிலோ அதிகம்

"இருநூத்தி நாப்பது கிலோ அதிகம், கண்ணு," என்றாள் எடைமேடைக்காரி ஜாய்லின், ஜன்னல் வழியே தலையை நீட்டி.

"இருக்கவே இருக்காது," என்றார் மெர்வின். "இந்த பிக்கப் மூணரை டன் இழுக்கும்னு விளம்பரத்துலயே போட்டிருந்தான். பின்னால இழுக்கற என் கேரவன் வீடு அந்த எடைக்குள்ளதான் இருக்கு."

"இழுக்கும், யாரு இல்லேன்னா? ஆனா பிக்கப், அதுல ஏத்தினது, பின்னால வர்ற கேரவன், எல்லாம் சேர்ந்து ஆறு டன்னைத் தாண்டக் கூடாது. அவன் சொன்ன முழு எடையையும் இழுத்தா, பிக்கப்புல நீங்க ரெண்டு பேரும் ஒரு துண்டும்தான் போகலாம்."

பக்கத்து இருக்கையில் மனைவி நெரிடா சிரித்துவிட்டாள். மெர்வின் சிரிக்கவில்லை. ரயில் பணிமனையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அவருக்கு ஒரே கனவு. மரமே இல்லாத அந்த நெடும் சமவெளியைக் கடந்து நாட்டின் மேற்குக் கரையில் போய் நிற்க வேண்டும். தூக்கத்தில்கூடக் கையால் ஸ்டியரிங்கைத் திருப்புவார். எடை மீறிப் போய் விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரன் கைவிரித்துவிடுவான் என்று யாரோ பயமுறுத்தியதால்தான், வழியிலிருந்த வாரில்டா விரிகுடாவில் கோதுமைக் கிடங்கை ஒட்டிய இந்த மேடையில் ஏறினார்.

"கேரவனைக் குறைச்சிட்டாப் போச்சு," என்று கடற்கரையில் வண்டியை ஓரங்கட்டி, டின் உணவு, ஜெனரேட்டர், கருவிப்பெட்டி எல்லாவற்றையும் பிக்கப்புக்கு மாற்றினார். பிக்கப்பின் பின்பக்கம் தரையோடு குந்தியது.

"அதே இருநூத்தி நாப்பது," என்றாள் ஜாய்லின். "சட்டையைக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டா எடை குறைஞ்சிடுமா?"

ஊர் மெக்கானிக்கிடம் தடித்த ஸ்பிரிங் போட்டுக்கொண்டு வந்தார். பிக்கப் மிடுக்காக நிமிர்ந்து நின்றது.

"இப்ப இருநூத்தி அறுபது. ஸ்பிரிங்குக்கும் எடை உண்டுல்ல? வண்டி நிமிர்ந்துட்டா வரம்பு உசந்துடாது, கண்ணு."

கேரவனின் பின்தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். பின்பாரம் போனதும் கேரவனின் மூக்கு கனத்துக் கொக்கியை அமுக்கியது. பிக்கப் முகத்தை மேலே தூக்கிக்கொண்டது. அந்தி மங்கியதும் விளக்கைப் போட்டார். வெளிச்சம் சாலையை விட்டுவிட்டு, கடலுக்கு மேலே முளைத்த முதல் நட்சத்திரத்தைத் தேடிப் போயிற்று.

"அழகாத்தான் இருக்கு மெர்வ்," என்றாள் நெரிடா. "ஆனா ரோடு அங்க இல்லியே. தண்ணியும் இல்லாம அந்த வெட்டவெளியில என்ன பண்ணுவ?"

மறுபடியும் தொட்டியை நிரப்பினார்.

கடைசியில் சாமான்களைத் தானம் செய்யத் தொடங்கினார். கடற்கரையில் வரிசையாக நின்ற கேரவன்காரர்கள் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்கள். ஆனால் யாரும் அவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பவில்லை. ஜெனரேட்டருக்குப் பதிலாகக் கடலில் ஒதுங்கிய மரத்தில் செய்த இரண்டு நாற்காலிகள் வந்தன. கருவிப்பெட்டிக்கு ஒரு மூட்டை சிப்பியும் இடுப்பளவு பூசணிக்காயும்.

"முந்நூத்திப் பத்து," என்றாள் ஜாய்லின்.

"சிப்பியைத் தின்னுட்டா?"

"தின்னா உள்ள போகும். நீங்களும் வண்டியிலதானே போறீங்க?"

அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து அவர்கள் சிப்பியைத் தின்றார்கள். கடல் உள்வாங்கும்போது விரிகுடா முழுக்கப் பால் நிறமாகிவிடும். பெலிக்கன் பறவைகள் அதன்மேல் அசையாமல் மிதக்கும். கிடங்கிலிருந்து பறந்து வந்த கோதுமைத் தூசி வெயிலில் பொன்னாக மினுங்கும். மெர்வின் பூசணியை எங்கே இறக்குவது என்று யோசிக்க உட்காருவார். யோசனை பாதியிலேயே அலையோடு போய்விடும். இப்போதெல்லாம் தூக்கத்தில் அவர் கை ஸ்டியரிங்கைத் திருப்பாததை நெரிடா கவனித்தாள்.

ஒரு சாயங்காலம் ஜாய்லின் எடைமேடையைப் பூட்டிவிட்டு அவர்கள் பக்கமாக நடந்து வந்தாள். மெர்வின் சட்டென்று எழுந்தார், பாடம் படிக்காத மாணவனைப் போல.

"நெரிடாவோட தையல் மெஷினை இறக்கிட்டாச் சரியாயிடும்! நாளைக்குக் கடைசியா ஒரு தடவை எடை போட்டுட்டுக் கிளம்பிடறோம்."

"போடலாமே. அவசரம் என்ன?"

மெர்வின் கடற்கரையை ஒரு முறை பார்த்தார். "ஆமா, இந்த வரிசையில இருக்கறவங்கல்லாம் எப்பத்தான் கிளம்புவாங்க?"

"அவங்களும் நாளைக்குத்தான், கண்ணு. வருஷக்கணக்கா நாளைக்குத்தான்," என்றாள் ஜாய்லின். "அந்தக் கடைசி கேரவன் என்னோடது. நூத்தி எண்பது கிலோ அதிகம்."