ஆளுயரப் பெட்டிக்கு ஏற்ற ஒயர்

மார்ச் 14, வியாழன். இன்று ஒரு சிறிய தவறு தெரியவந்தது. ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவில் நேற்று நான் செருகியது கிட்டார் ஒயராக இருக்கலாம்.

டைரியில் தான் எழுதியதைப் படித்துப் பார்த்த தம்பி, 'சிறிய' என்பதை அடித்தான்.

அன்று மாலை வகுப்பில் வாத்தியார் இரண்டு கறுப்பு ஒயர்களை உரித்துக் காட்டியிருந்தார். வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே ஒன்றில் மெல்லிய கம்பி, அதைச் சுற்றி வலை, அது கிட்டாருக்கு. இன்னொன்றில் தடியாக இரண்டு கம்பிகள், வலை கிடையாது, அது ஸ்பீக்கருக்கு.

"ஸ்பீக்கருக்குக் கிட்டார் ஒயரப் போட்டா சூடாயிடும். ஆம்ப்பையும் சேர்த்துக் காவு வாங்கிடும்," என்றார் வாத்தியார்.

வகுப்பே குறிப்பெடுத்தது. தம்பிக்கு மட்டும் வியர்த்தது.

சனிக்கிழமை அக்காவின் அலுவலக ஆண்டு விழா. அக்கா முதல்முறையாக மேடையில் கிட்டார் வாசிக்கப் போகிறாள். "என் தம்பி எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறான், அவன் பார்த்துப்பான்," என்று அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். கணக்குப் பிரிவு அதிகாரியோ, "சத்தம் சொதப்பினா சொல்லுங்கம்மா, என் மச்சினன் கிட்டாரோட ரெடியா இருக்கான்," என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு முன்பே தம்பி அரங்கத்துக்குப் போய்விட்டான். வாடகைக் கடை கொடுத்த ஆம்ப்புக்குள்ளேயே ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு. அது போதாதென்று பக்கத்தில் துணி போர்த்திய முகத்தோடு ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி. அதைக் கடையின் வேன் டிரைவர் ஒரு தோளில் ஏற்றி, மறு கையில் செல்போன் பேசியபடி மேடைக்குக் கொண்டுவந்ததைப் பார்த்து, 'என்ன உடம்புடா சாமி!' என்று தம்பி வியந்திருந்தான்.

பெட்டிக்குப் போன ஒயரின் முனை மூடியைத் திருகிக் கழற்றிப் பார்த்தான். மெல்லிய கம்பி, வலை. பயந்தது சரிதான்.

ஓடிப்போய் ஸ்பீக்கர் ஒயர் வாங்கி, முனைகளைப் பற்றவைத்து, மூச்சிரைக்க மேடையேறினான்.

"என்னடா பண்ற?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. சும்மா ஒரு செக்கிங்."

"நீ சும்மான்னு சொன்னாலே பெருசா ஏதோ இருக்கும்."

அக்கா கிட்டாரை மாட்டிக்கொண்டாள். அவளுடைய மேனேஜர் முன்வரிசையில் உட்கார்ந்தார். தம்பி சுவிட்சைப் போட்டான்.

"ங்ங்ங்ங்ங்" என்றது ஆம்ப்பு. அக்கா இன்னும் கம்பியையே தொடவில்லை.

"உள்ள வண்டு ஏதாவது பூந்துடுச்சா?" என்றார் மேனேஜர்.

"மச்சினனுக்கு ஒரு போன் போட்டுடட்டுமா?" என்றார் கணக்கு.

'ஒயரின் கனம் போதவில்லை' என்று முடிவு கட்டினான் தம்பி. மறுபடி ஓட்டம். கடையில் இருந்ததிலேயே தடியான ஒயரை வாங்கிவந்தான். அது முனையின் மூடிக்குள் நுழையாமல் அடம்பிடித்தது. மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு டேப்பைச் சுற்றினான். அடிபட்ட கால்போல ஆயிற்று. அதைப் பெட்டியில் செருகினான்.

"ங்ங்ங்ங்ங்."

"இது எந்தப் பாட்டோட ஆரம்பம்மா?" என்று கேட்டார் மேனேஜர். மச்சினன் வந்து சேர்ந்து, வாசலிலேயே சுருதி கூட்ட ஆரம்பித்துவிட்டான்.

அக்கா குனிந்து பல்லைக் கடித்தாள். "டேய், நாலு மாசமா விரல் தேயத் தேயப் பழகியிருக்கேன். என் மானத்த வாங்காத."

தம்பி தரையில் மண்டியிட்டு, ஒவ்வொரு ஒயராக விரலால் தடவிக்கொண்டே போனான். முதலில் வாங்கிவந்த ஸ்பீக்கர் ஒயர் அக்காவின் கிட்டாரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் இரட்டைப் பிள்ளைகளை மாற்றிப் போட்டிருக்கிறான்! வலை இல்லாத ஒயர், அரங்கத்தில் இருந்த மின் இரைச்சலையெல்லாம் உள்ளே இழுத்திருக்கிறது.

கிட்டார் ஒயரைக் கிட்டாரில் செருகினான். இரைச்சல் அடங்கியது. அக்கா வாசித்தாள். மேனேஜரின் செருப்பு தானாகத் தாளம் போட்டது.

"அடேயப்பா! நெஞ்சுலயே வந்து இடிக்குதே!" என்றார் மேனேஜர். "அந்தத் தடி ஒயர் போட்டதுமே தெரியுது பாருங்க. என்ன கனம்!"

"பெரிய பெட்டின்னா சும்மாவா?" என்றார் கணக்கு, மனமில்லாமல். மச்சினன் கிட்டாரை உறைக்குள் போட்டான்.

அக்கா தம்பியின் தலையைக் கலைத்துவிட்டாள். "எனக்கு மேடைன்னாலே உதறல்டா. பின்னாடி அந்தப் பெட்டி நிக்கிற தைரியத்துலதான் வாசிக்கிறேன்."

எல்லோரும் கிளம்பினார்கள். மைக் ஸ்டாண்டுகளை இறக்கிவைக்க வந்த வேன் டிரைவர், டேப் சுற்றிய ஒயரைக் கையிலெடுத்துப் பார்த்தார்.

"இது யாரு வேலை தம்பி?"

"நான்தாண்ணே. நீங்க குடுத்தது கிட்டார் ஒயர். இந்தப் பெட்டிக்கு அது தாங்காது."

டிரைவர் பெட்டியை ஒரு விரலால் தட்டினார். டொக்கென்றது.

"மேடை நிறைஞ்சு தெரியட்டும்னு நாங்க சும்மா நிறுத்தி வைக்கிற காலிப் பெட்டி தம்பி இது, இதுக்கு எந்த ஒயரா இருந்தா என்ன?"

மார்ச் 15, வெள்ளி. நாளைய வேலை: பெட்டியைப் பற்றி அக்காவிடம் சொல்வது. வாசித்து முடித்த பிறகு.