கன்வேயர் அண்ணனும் என் நாக்கும்

எங்கள் நெய்வேலியில் ஓய்வில்லாமல் ஓடுகிறவை இரண்டே இரண்டு. ஒன்று, சுரங்கத்தில் நிலக்கரியை ஏற்றிக்கொண்டு போகும் கன்வேயர் பெல்ட். இன்னொன்று, அந்த பெல்ட்டில் வேலை பார்க்கும் என் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அண்ணன். பெல்ட்டாவது மெயின்டனன்ஸுக்கு எப்போதாவது நிற்கும். அண்ணன் ஒரு இடத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை. அதனால் பிளாக் முழுக்க அவருக்குப் பெயர் கன்வேயர். வாசலில் சொந்தப் பெயரில் போர்டு இருக்கிறது, கூரியர்காரர் மட்டும் அதைப் படிக்கிறார்.

டீயை நடந்துகொண்டே குடிப்பார். போன் வந்தால் வேப்பமரத்தைச் சுற்றுவார். அவருக்கு ஷேவிங் செய்யும் முன் சலூன்காரர் சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார்.

இப்பேர்ப்பட்டவர் போன வருஷம் மிளகாயைக் கையில் எடுத்தார். காரணம் அண்ணி. வாயில் கட்டி வந்து, புதுச்சேரியில் வைத்தியம் முடிந்து, வீடு திரும்பியிருந்தார். கட்டி போய்விட்டது, ஆனால் வாயெல்லாம் புண். பல மாதத்துக்குக் காரமே ஆகாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் கஞ்சி, தயிர்ச்சோறு, மறுபடியும் கஞ்சி. அண்ணி தட்டைத் தள்ளிவிட்டார்.

"செவப்பா கொழம்பு இல்லாம சோறு எறங்காது எனக்கு. வெள்ளையா எத எடுத்தாந்தாலும் ஆஸ்பத்திரி நெனப்புதான் வருது."

நாளாக நாளாக அண்ணியின் வளையல் முழங்கை வரை ஏறியது. கன்வேயருக்குப் பயம் பிடித்துவிட்டது. பார்க்கச் சிவப்பாக, வாயில் வைத்தால் உறைக்காத குழம்பு வேண்டும். அதற்கேற்ற மிளகாய் வேண்டும். கண்டுபிடித்துவிடலாம்தான், ஆனால் முத்தாண்டிக்குப்பத்தில் பச்சை மிளகாயை வேர்க்கடலை மாதிரி கடித்து வளர்ந்த நாக்கு அவருடையது. எதைத் தின்றாலும் "காரமே இல்லியே" என்பார்.

பிளாக்கிலேயே காரம் ஆகாத நாக்கு யாருடையது என்று விசாரித்திருக்கிறார். ஊறுகாய் ஜாடியைத் திறந்தாலே விக்கல் எடுக்கும் என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள். நான் வாய் நிறைய பேஸ்ட் நுரையோடு நின்றிருந்தபோது கேட் திறந்தது.

"சார், வாயக் கொப்புளிச்சிட்டு நாக்க நீட்டுங்க."

"எதுக்குண்ணே?"

"குள்ளஞ்சாவடில வாங்கியாந்தேன், நீட்டு மொளகா. ஒறைக்குதான்னு சொல்லுங்க."

நான் வாயால் சொல்லவில்லை. முற்றத்தை நாலு சுற்று ஓடிக் காட்டினேன். அண்ணன் ரொம்ப மரியாதையாகக் கூடவே ஓடினார்.

மறுநாள் குறிஞ்சிப்பாடியிலிருந்து குண்டு மிளகாய் வந்தது. அரை மணி நேர விக்கல். அதற்கடுத்த நாள் மெயின் பஜாரில் காஷ்மீர் மிளகாய். கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினேன். ஒன்றுமே ஆகவில்லை! இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டோம்.

அண்ணி குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "கலரு இருக்குது. வாசனை எங்க? செவுத்துக்கு அடிக்கிற பெயின்ட்டா இது?"

வாசனை குண்டு மிளகாயில்தான் இருக்கிறது, காரமும் அதில்தான் இருக்கிறது. விதையையும் உள்ளே இருக்கும் நரம்பையும் எடுத்துவிட்டு, காஷ்மீர் மிளகாயோடு கலந்துவிடலாம் என்று அண்ணன் முடிவுசெய்தார். ஒரு கைப்பிடிக்கு எத்தனை குண்டு? அதைச் சொல்ல வேண்டியது என் நாக்கு. ஷிஃப்ட் போகும்போது ஒரு கலவை, வரும்போது ஒரு கலவை. என் ஆபீஸ் வாசலுக்கே ஒருநாள் பொட்டலத்தோடு வந்துவிட்டார். "நாக்க வாடகைக்கு விட்டுட்டீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். கடைசியில் கணக்கு நின்றது: கைப்பிடிக்கு இரண்டு குண்டு. மூன்றானால் விக்கல்.

மிக்ஸியில் அரைத்தால் திப்பி புண்ணில் குத்துகிறது என்று அண்ணி சொன்னதால் அண்ணன் மாவு மெஷினுக்குப் போனார். அவருக்கு முன்னால் யாரோ ஊறுகாய்க்கென்று குண்டூர் மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மெஷினுக்குள் தங்கிய பொடி இதில் கலந்துவிட்டது. அண்ணனுக்குத்தான் பொறுமை கிடையாதே, என்னிடம் காட்டாமல் நேரே குழம்பு வைத்துவிட்டார். ஒரே வாய்தான். அண்ணி துடித்துப்போனார். இரண்டு நாள் ஆறிய பாலைத் தவிர எதுவும் இறங்கவில்லை.

குழம்பு வைத்த அன்று சாயங்காலமே அண்ணன் என் கேட்டுக்கு வெளியே நின்றார். ஆமாம், நின்றார். "நானே என் கையால ஊட்னேன் சார்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாகப் பாவமாக இருந்தது. நானும் வருகிறேன் என்றேன்.

மறுபடியும் மிளகாய் வாங்கி, விதை எடுத்து, வெயிலில் காயவைத்து, இரண்டு பேருமாக மெஷினுக்குப் போனோம். அண்ணன் மிளகாய் அரைத்தவர் யார் பின்னாலும் அரைக்க மாட்டேன் என்றார். மிளகாயோடு வந்தவர்களையெல்லாம் முன்னால் அனுப்பினார்.

"நீங்க போங்கம்மா. நீங்களும் போங்க சார்."

மெஷின்காரர் கடுப்பாகிவிட்டார். "யோவ், நீ அரைக்க வந்தியா, லைன ஒழுங்குபண்ண வந்தியா?"

"மல்லி அரைக்கிறவங்க வரட்டும்யா. அவங்களுக்குப் பின்னாடிதான் நானு."

காலையில் போனவர்கள் மத்தியானம் வரை இருந்தோம். அண்ணன் மெஷினுக்கும் ரோட்டுக்கும் நடந்த நடையில் வடலூருக்கே போய் வந்திருக்கலாம். ஒருவழியாக ஒரு அம்மா பை நிறைய வறுத்த மல்லியோடு வந்தார். அண்ணன் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டதில் அந்த அம்மா பயந்துவிட்டார். அவர் அரைத்து முடித்ததும் எங்கள் மிளகாய் போனது. சூடு ஆறுவதற்குள் நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். விக்கல் இல்லை.

மறுநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட் திறந்த சத்தம். அண்ணன் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"என்னண்ணே, மறுபடியும் காரமா?"

"திட்றா சார்."

"ஐயையோ!"

"'இது கொழம்பா, ஒரு ஒறைப்பும் இல்ல, நீயெல்லாம் சமைக்கலன்னு யாரு அழுதா'ன்னு திட்டிக்கினே ரெண்டு தரம் வாங்கித் தின்னா சார்! இன்னும் திட்டிக்கினுதான் இருக்கா. நான் கேட்டுட்டு வரேன்."

ஓடிவிட்டார்.

அதன்பிறகு நாலு நாள் என் கேட் திறக்கவில்லை. காலையில் பல் விளக்கும்போது இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். ஆபீஸில் உட்காரப் பிடிக்கவில்லை, வீட்டிலும் பிடிக்கவில்லை. ஐந்தாம் நாள் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

"அண்ணி, கொஞ்சம் மிளகாய்ப் பொடி இருக்குமா?"

அண்ணி டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். திறக்கவே வலித்துக்கொண்டிருந்த வாய் அது. அண்ணன் அடுப்படியிலிருந்து ஓடிவந்து என்ன என்று கேட்டார். பொடி வாங்க வந்தேன் என்றேன். இரண்டு பேரையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று எப்படிச் சொல்வது?