கரி பஸ்ஸில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு

கையில் இருப்பதை ஒழுங்காக நடத்தத் தெரியாதவனுக்குத்தான் பெரிதாக இன்னொன்று ஆரம்பிக்கும் ஆசை சீக்கிரம் வருகிறது. எனக்கு யுத்த காலத்தில் வந்தது.

மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை அரூர்ப் பக்கம் ஏற்றிப்போக இரண்டு மாட்டு வண்டிகள் வைத்திருந்தேன். மைத்துனன் சின்னசாமி கூட்டாளி. மாட்டுக்குத் தீனி வைப்பது யார், ரயில் நேரத்துக்கு வண்டி கட்டுவது யார் என்று நாங்கள் பேசிக்கொண்டதே கிடையாது. அவன் பார்ப்பான் என்று நான், மாமா பார்ப்பார் என்று அவன். (மாடுகள் யாரை நம்பினவோ!)

இந்த லட்சணத்தில் சேலம் போய் ஒரு பழைய பஸ் வாங்கினேன். பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் அடுப்பு வைத்து, கரிப்புகையில் ஓடும் வண்டி.

"ஏனுங்க, இருக்கிற வண்டிக்கு யாருக்கு என்ன வேலைன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. அப்புறம் பஸ்ஸு வுடலாம்" என்றாள் என் மனைவி மாதம்மா.

"பஸ் வந்துட்டா எல்லாம் தானா சரியாயிடும்" என்றேன். (எப்படிச் சரியாகும் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.)

முதல் சவாரியே கல்யாணக் கூட்டம். ரயிலில் வந்த மாப்பிள்ளை வீட்டாரை அரூர் தாண்டி பெண்ணின் ஊரில் சேர்க்க வேண்டும். வெள்ளை ஜிப்பா, சரிகைத் தலைப்பாகை, நெற்றி நிறைய சந்தனத்தோடு முன்னால் உட்கார்ந்தேன். மாதம்மாவும் ஏறிக்கொண்டாள். பெட்டிகளெல்லாம் பின்னால் மாட்டு வண்டியில் வந்தன.

பாதி வழியில் பஸ் இருமிவிட்டு நின்றது.

"கரி மூட்டை எங்கேடா?" என்றேன்.

"டிரைவர் ஏத்தியிருப்பாருன்னு நெனச்சேன் மாமா" என்றான் சின்னசாமி.

"மொதலாளிங்க ஏத்தியிருப்பீங்கன்னு நெனச்சேனுங்க" என்றார் டிரைவர் கோவிந்தன்.

மாப்பிள்ளையின் அப்பா பதறினார். "பொழுது சாயறதுக்குள்ள போவலீன்னா நல்ல நேரம் போயிருமுங்க!"

மாட்டு வண்டியிலாவது மாப்பிள்ளையை ஏற்றலாம் என்று திரும்பிப் பார்த்தால், அதைக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காணோம். காலையில் யாரும் தீனி வைக்காததால் மாடுகள் வழியிலேயே படுத்துவிட்டன என்பது பிறகுதான் தெரிந்தது.

சாலையோரக் கொல்லன் பட்டறையில் கெஞ்சிக் கரி வாங்கினோம். மாப்பிள்ளை உட்பட எல்லோரும் கையாலேயே அள்ளிப் போட்டு, ஊதி, பற்றவைத்தார்கள். பஸ் ஊர் எல்லைவரை ஓடி மறுபடி நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். மாதம்மாவும்தான். நான் மட்டும் இறங்கவில்லை. முதலாளி தள்ளினால் கம்பெனியின் மதிப்பு என்னாவது? உட்கார்ந்து ஹாரன் அடித்தேன்.

ஹாரன் கேட்டு மேளத்தோடு பெண் வீட்டார் ஓடிவந்தார்கள். பஸ்ஸிலிருந்து நான் கம்பீரமாக இறங்கினேன். சுற்றிலும் கரி அப்பிய முகங்கள். வெள்ளையாக இருந்தவன் நான் ஒருவன்தான். பெண்ணின் அத்தை நேரே வந்து என் கழுத்தில் மாலையைப் போட்டு, ஆரத்தி சுற்றி, பொட்டும் வைத்துவிட்டாள்.

"கொஞ்சம் வயசாளியாத் தெரியறாரே" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"நாந்தாங்க மாப்பிள்ளை!" என்று கரிமூட்டை போல ஓர் உருவம் அழாத குறையாகக் கையைத் தூக்கியது. மேளக்காரர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் கல்யாணம் தப்பியது.

ஊர் திரும்பியதும் மாதம்மா வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டாள். தீனி நான், வண்டி கட்டுவது சின்னசாமி. மாட்டு வண்டிகள் நேரத்துக்கு ஓடிப் பழகிய பிறகுதான் பஸ்ஸைத் தொடவிட்டாள். அப்புறம் அதுவும் ஓடியது.

இன்றைக்கும் பேரப் பிள்ளைகள் கேட்டால் அவள் அலுக்காமல் சொல்கிறாள்: "உங்க தாத்தாவுக்கு ரெண்டாங் கல்யாணம் பண்ணிவெக்க, பொண்ணு வூடு வரைக்கும் நாந்தான் தள்ளிக்கிட்டுப் போனேன்."